பாதியில் நின்ற ஆட்டம்

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இரவு நேரத்தில் நடந்து செல்வோர், மாடி வீடுகளின் சாளரங்களிற் கணினித் திரையின் நீல ஒளியைக் காண்பர். அத்தகைய திரையொன்றின் முன்னே ஒரு மாணவன் அமர்ந்து விளையாடுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். பல நாள் முயன்று கோட்டை ஒன்றைப் பிடித்திருக்கின்றான். பாலம் ஒன்றைக் கடந்திருக்கின்றான். மறுநாள் கொட்டாஞ்சேனையிலுள்ள அம்மம்மா வீட்டிற்குப் போகவேண்டும். மேசைக் கணினியைத் தூக்கிச் செல்ல இயலாது. ஆனால் இரு கைகளாலும் பிடித்து விளையாடத்தக்க சிறு கருவியொன்று அவன் பையில் இருக்கின்றது. அதிலும் அதே விளையாட்டு உண்டு. வெள்ளவத்தையிற் பிடித்த கோட்டை கொட்டாஞ்சேனையிலும் அவன் வசமாகவே இருக்குமா என்பதுதான் அவனுடைய கேள்வி.

கேள்வி சிறுபிள்ளைத்தனமானது போலத் தோன்றும். எனினும், ஒரே செய்தியை இரண்டு இடங்களில் வைத்திருக்கும் எவரும், அவ்விரண்டும் முரண்படும்போது எதனை மெய்யென்று கொள்வது என்னும் சிக்கலை எதிர்நோக்கியே தீரவேண்டும். வணிகனின் பேரேட்டிற்கும், காணிப் பதிவேட்டிற்கும், இக்கால வங்கிக் கணக்கிற்கும் இச்சிக்கல் பொதுவானது. விளையாட்டுக் கருவிகளின் வரலாறு அதனைத் தெளிவாகக் காட்டும் நல்லதொரு கண்ணாடியாகும்.

1824ஆம் ஆண்டில் இலண்டன் சதுரங்கக் கழகத்தாரும் எடின்பரோ சதுரங்கக் கழகத்தாரும் கடித மூலம் ஒரு போட்டியைத் தொடங்கினர். இரு நகரங்களிலும் பலகைகள் வைக்கப்பட்டன. ஒரு நகரத்தார் காய் நகர்த்தியதைத் தபாற் குதிரை வண்டி சுமந்து சென்றது. மற்றை நகரத்தார் தம் பலகையில் அதனை நகர்த்திப் பார்த்து விடை எழுதினர். 1828 வரை நீடித்த அப்போட்டியில் எடின்பரோ வென்றது. செய்தி செல்ல நாட்கணக்கு ஆகியும் பலகைகள் ஒத்திருந்தமைக்குக் காரணம், ஒருவர் நகர்த்திய பின்னரே மற்றவர் நகர்த்தலாம் என்னும் விதியாகும். இருவரும் ஒரே வேளையில் தத்தம் பலகையைத் திருத்த இடமில்லை. இந்த முறைமாற்று விதி இருக்கும் வரை, செய்தி எவ்வளவு தாமதித்தாலும் குழப்பம் விளைவதில்லை.

செய்தியின் வேகத்தைக் கூட்டும் முயற்சியில் இலங்கையும் பின்நிற்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த தபாற் கப்பல்கள் காலித் துறைமுகத்திற் செய்தியை இறக்கிய காலத்திலே, கொழும்பிலிருந்து வெளிவந்த ‘ஒப்சேர்வர்’ பத்திரிகை 1850ஆம் ஆண்டு முதல் காலிக்கும் கொழும்பிற்கும் இடையிற் புறாக்களைச் செய்தி சுமக்க வைத்தது. 1858இல் இவ்விரு நகரங்களுக்கும் இடையே தந்தி தொடங்கியபின் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது.

இனி, கணினி விளையாட்டின் கதைக்கு வருவோம். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் குரௌதர் எழுதி, 1977இல் டொன் வூட்ஸ் விரிவாக்கிய குகைப் பயண விளையாட்டில், ஆட்டத்தை இடைநிறுத்திப் பின்னர் தொடரும் வசதி இருந்தது. அவ்விளையாட்டு நிறுவனங்களின் பெருங்கணினிகளில் ஓடியது. சேமித்த ஆட்டமும் அங்கேயே இருந்தது. அதனை வீட்டிற்குக் கொண்டுசெல்லும் பேச்சே எழவில்லை.

வீட்டுத் தொலைக்காட்சியோடு பொருத்தும் விளையாட்டுப் பெட்டிகள் பரவியபோது நிலைமை மாறியது. அப்பெட்டிகளிற் பலவற்றிற்கு மின்சாரம் நின்றவுடன் எல்லாம் மறந்துவிடும். எனவே, ஆட்டத்தின் நிலையை எழுத்துக்களாக மாற்றித் திரையிற் காட்டும் உபாயம் கையாளப்பட்டது. 1986இல் யப்பானில் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டு 20 எழுத்துக்கள் கொண்ட மந்திரம் ஒன்றைத் தந்தது. அதனைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து மறுநாள் உள்ளிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்துக்கள் வரை நீண்டது. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மந்திரம் பலிக்காது. ஆயினும் ஒரு நன்மை உண்டு. அம்மந்திரத்தை எவருடைய பெட்டியிலும் உள்ளிடலாம். ஆட்டத்தைப் பெட்டியிலிருந்து பிரித்து எடுத்துச் செல்ல உதவிய பழைய கருவிகளுள் பென்சிலும் தாளும் இவ்வாறு இடம்பெற்றன.

அடுத்து வந்தது மின்கலம். ‘செல்டா’ என்னும் விளையாட்டு 1986இல் யப்பானில் வட்டிலும், 1987இல் அமெரிக்காவிற் பொன்னிறப் பேழையிலும் வெளியாயிற்று. அப்பேழைக்குள்ளே வைக்கப்பட்ட சிறு மின்கலம், பெட்டி அணைந்த பின்னரும் நினைவுச் சில்லுக்கு உயிரூட்டியது. ஆண்டுகள் பல கழிந்து அம்மின்கலம் வற்றியபோது, அதனுள் இருந்த ஆட்டமும் மறைந்தது. 1994இல் வந்த ‘பிளேஸ்டேஷன்’ பெட்டியோ சேமிப்பை ஒரு தனி அட்டையில் வைத்தது. அதன் கொள்ளளவு 128 கிலோபைட். அது 15 கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சிறுவர் அதனைச் சட்டைப் பையில் இட்டு நண்பன் வீட்டிற்குச் செல்லலாயினர். அட்டை ஒன்றே, ஆதலால் மெய்யும் ஒன்றே. தொலைந்தால் முழுவதும் தொலையும். ஆனால் முரண்பாடு தோன்றாது.

முரண்பாட்டின் முதற் கீற்று 1996இற் புலப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரி 27ஆந் திகதி யப்பானில் ‘கேம் போய்’ என்னும் கைக்கருவிக்கு ‘போக்கிமொன்’ வெளியானது. இரண்டு கருவிகளைக் கம்பியால் இணைத்து, தான் வளர்த்த உயிரினத்தைக் கொடுத்து மற்றவனுடையதை வாங்கலாம். பண்டமாற்று நடக்கும் வேளையில், ஒரு கருவி எழுதி முடித்து மற்றது எழுதுமுன் மின்சாரத்தை நிறுத்தினால், ஒரே உயிரினம் இரு கருவிகளிலும் இருக்கக் காணலாம். சிறுவர் இதனைத் தந்திரமாகக் கொண்டு மகிழ்ந்தனர். வங்கியில் ஒரு கணக்கிற் கழிக்காமலே மறு கணக்கில் வரவு வைப்பதைப் போன்ற பெரும் பிழை இது என்பதைக் கணக்கறிந்தவர் உணர்வர்.

பின்னர் வலையமைப்பு வந்தது. 2008ஆம் ஆண்டில் வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ சேவை, ஆடுவோரின் சேமிப்பைத் தன் தொலைக் கணினிகளில் வைக்கத் தொடங்கிற்று. இதனை ‘முகில்’ என்பர். பெயர் முகிலாயினும் அது தரையில் இருக்கும் கணினியேயாம். அதே நிறுவனம் 2022 பெப்ரவரி 28இல் ‘ஸ்டீம் டெக்’ என்னும் கைக்கருவியை வெளியிட்டது. மேசைக் கணினியில் ஆட்டத்தை மூடியதும் சேமிப்புக் கோப்பு முகிலுக்கு ஏறும். கைக்கருவியில் ஆட்டத்தைத் திறக்குமுன் அது கீழிறங்கும். கைக்கருவியை மூடாமல் உறங்க வைத்தாலும் சேமிப்பு ஏறத்தக்க ஏற்பாட்டை, அவ்வாண்டு ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. விளையாட்டை ஆக்கியவர் அதற்கு இசைந்திருத்தல் வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், இலண்டனும் எடின்பரோவும் கண்ட முறைமாற்று விதியே இங்கும் ஆட்சி செய்கின்றது. அவ்விதி எப்போது முறிகின்றது என்பதற்குக் கொழும்பே சான்று. அக்கருவி வெளியான அதே 2022ஆம் ஆண்டில், அந்நியச் செலாவணியும் எரிபொருளும் அற்று இலங்கை இருளில் மூழ்கியது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதியோ, பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்தது.

மின்சாரம் நிற்கும்போது நேர்வதைச் சற்றுக் கூர்ந்து நோக்குக. மேசைக் கணினி அக்கணமே அணைகின்றது. அதில் இறுதியாக எழுதிய சேமிப்பு வட்டிலே தங்குகின்றது, முகிலுக்கு ஏறவில்லை. வீட்டு இணையப் பெட்டியும் அணைகின்றது. கைக்கருவிக்கோ தன் மின்கலம் உண்டு, அது விழித்திருக்கின்றது. மாணவன் இருளில் அதனை எடுத்து, நேற்றைய நிலையிலிருந்து ஆட்டத்தைத் தொடருகின்றான். மின்சாரம் மீண்டபோது, மேசையில் ஒரு கதை. கையில் இன்னொரு கதை. இரண்டும் அவனே ஆடியவை, இரண்டும் மெய்யானவை. ஒன்று மற்றொன்றை அறியாது.

‘எது பிந்தியதோ அதுவே வெல்லட்டும்’ என்று சொல்லுதல் எளிது. கோப்பு ஒவ்வொன்றிலும் எழுதிய நேரம் பொறிக்கப்படுகின்றதன்றோ? ஆனால், அந்நேரத்தைச் சொல்லும் மணிக்கூடு எது? இந்த வினாவின் கனத்தை இலங்கைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டு வறட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றியபோது, பகலொளியைப் பயன்படுத்தும் நோக்கத்துடன், மே 25ஆந் திகதி மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. ஒக்டோபர் 26ஆந் திகதி அரை மணித்தியாலம் பின்னிழுக்கப்பட்டன. விடுதலைப் புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகளோ பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஒரே தீவில், ஒரே சூரியனின் கீழ், கொழும்பிற்கு ஒரு நேரமும் வன்னிக்கு ஒரு நேரமும் நிலவின. கொட்டாஞ்சேனையிலிருந்து வன்னிக்குப் பயண ஒழுங்கு செய்தவர், குறித்தது ‘புது நேரமா, பழைய நேரமா’ என்று கேட்டறிய வேண்டியிருந்தது. 2006 ஏப்ரல் 15ஆந் திகதியே கொழும்பு பழைய நேரத்திற்குத் திரும்பிற்று.

கணினிகளும் அக்குழப்பத்திற்கு விலக்கல்ல. நினைவட்டைகளிற் பெருவழக்காயிருக்கும் பழைய கோப்புமுறை, உள்ளூர் நேரத்தை மட்டுமே குறிக்கும்; அது எவ்வூர் நேரம் என்பதைக் குறிக்காது. நேரமாற்றத்தை ஒரு கணினி ஏற்று, மற்றது ஏற்காதிருப்பின், அரை மணித்தியாலத்திற்கு முன் எழுதியதும் இப்பொழுது எழுதியதும் ஒரே நேரம் காட்டும். பழைய மேசைக் கணினியின் உள்ளே இருக்கும் நாணய வடிவ மின்கலம் வற்றினால், அதன் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னே பாய்ந்துவிடும். அப்போது இன்று எழுதிய கோப்பு பழங்கோப்பாகத் தோன்றும். ‘பிந்தியது வெல்லும்’ என்னும் விதி, மாணவனின் புதிய உழைப்பையே அழித்துவிடும்.

இதற்குத் தீர்வு மணிக்கூட்டிற்கு வெளியே கிடைத்தது. லெஸ்லி லாம்போட் என்னும் அறிஞர் 1978இல் வெளியிட்ட கட்டுரையிலே, தனித்தனிக் கணினிகளில் நிகழ்வனவற்றை வரிசைப்படுத்துவதற்கு நேரம் அறிதல் இன்றியமையாததன்று. எந்நிகழ்ச்சி எந்நிகழ்ச்சியை அறிந்த பின் எழுந்தது என்று அறிதலே போதும் என்று காட்டினார். 1983இல் வேறு ஆய்வாளர்கள், ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்ணிக்கை வைக்கும் முறையை வகுத்தனர்.

மாணவனின் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இறுதியாக இரு கருவிகளும் ஒத்திருந்தபோது, மேசைக் கணினி 5 தடவையும் கைக்கருவி 3 தடவையும் எழுதியிருந்தன. குறிப்பு 5, 3. மேசையில் மட்டும் மேலும் ஒருமுறை ஆடினால் 6, 3 ஆகும். 6, 3 என்பது 5, 3 என்பதை உட்கொண்டு மேலே சென்றது. ஆகவே அதுவே புதியது, ஐயமில்லை. ஆனால் மின்வெட்டிரவில் மேசையிடம் 6, 3 இருக்க, கைக்கருவி 5, 4 என்று எழுதிவிட்டது. ஒன்றில் முதலெண் பெரிது. மற்றதில் இரண்டாமெண் பெரிது. எதுவும் மற்றதை உட்கொள்ளவில்லை. இங்கே ‘புதியது’ என்று ஒன்றில்லை. பிளவு மட்டுமே உண்டு என்று இயந்திரம் அறிந்துகொள்கின்றது. இவ்வறிவிற்கு மணிக்கூடு தேவைப்படவில்லை.

பிளவை அறிந்த பின் செய்யத்தக்கது யாது? ஸ்டீம் சேவை தன் திரையில், கருவியிலுள்ளதை வைப்பதா, முகிலிலுள்ளதை வைப்பதா என்று ஆடுவோனையே வினவுகின்றது. அச்சேவைக்கு அப்பாற்பட்ட விளையாட்டுக்களுக்குப் பலர் ‘சிங்திங்’ என்னும் இலவச மென்பொருளைக் கையாளுகின்றனர். 2013இற் தோன்றிய அது, முகிலில் எதனையும் வைப்பதில்லை. ஒருவருடைய இரு கருவிகளையும் நேரே பேசவைக்கின்றது. மேற்சொன்ன எண்ணிக்கை முறையினாற் பிளவைக் கண்டால், ஒரு பிரதியை முதன்மையாக வைத்து, மற்றதை ‘முரண்’ என்று பெயரிட்டு அருகிலே காத்துவைக்கின்றது. கண்ணுக்குத் தெரியாமல் எதுவும் அழிவதில்லை. ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். மேசைக் கணினி பெரும்பாலும் விண்டோஸில் இயங்க, ஸ்டீம் டெக் லினக்ஸில் இயங்குகின்றது. ஒவ்வொரு விளையாட்டிற்கும் விண்டோஸைப் போன்ற ஒரு தனியறையை அது அமைத்துக்கொள்கின்றது. ஆதலால் ஒரே சேமிப்பு இரு கருவிகளிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். சரியான இரு அறைகளை இணைத்தாலன்றிப் பயன் விளையாது.

மாணவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு மூன்றே. ஒரு கருவியில் ஆட்டத்தை முற்றாக மூடிய பின்னரே மற்றதைத் திறத்தல். சேமிப்பு ஏறி முடிந்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே புறப்படுதல். இயந்திரம் வினவும்போது அவசரப்பட்டு விடையளியாது, இரண்டையும் வேறிடத்திற் பிரதி எடுத்துவைத்தல். பேருந்து வந்துவிட்டதென்று அழுத்திய ஒரு பொத்தான், ஒரு மாத முயற்சியை விழுங்கிவிடக்கூடும்.

இரண்டு கதைகள் முரண்படுமிடத்து, வல்லமையோ மணிக்கூடோ தீர்ப்புச் சொல்லலாகாது. இரண்டையும் காத்து, வாழ்ந்தவனையே கேட்கவேண்டும் என்னும் முறையை அறிஞர் நெடுநாள் ஆராய்ந்து இயந்திரங்களுக்குக் கற்பித்திருக்கின்றனர். பத்தாண்டு காலம் இரண்டு நேரம் பார்த்த தீவினர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றவேண்டியதில்லை. அம்மம்மா வீட்டு முன்றிலில் அமர்ந்து, வெள்ளவத்தையிற் பிடித்த கோட்டையைத் தன் கையிலே கண்டு மகிழும் சிறுவன், அதன் பின்னே இத்தனை வரலாறு இருக்கின்றதென்று அறியாமலும் இருக்கலாம். ஒருநாள் அவன் கோட்டை காணாமற்போய், காத்துவைத்த பிரதியிலிருந்து அதனை மீட்கும்போது அறிந்துகொள்வான்.