தம்பி, தங்கையை ஆன்லைனில் ஒருவர் மிரட்டினால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

ராத்திரி 11 மணி. பத்தாவது படிக்கும் சித்தி பையனிடமிருந்து மெசேஜ்: "அண்ணா, ஒரு பிரச்சனை. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

இன்ஸ்டாவில் பழகிய 'பெண்' வீடியோ காலை ரெக்கார்ட் செய்துவிட்டாராம். பணம் அனுப்பாவிட்டால் ஃபாலோயர்ஸ் எல்லோருக்கும் அனுப்பிவிடுவதாக மிரட்டல். இதைத்தான் செக்ஸ்டார்ஷன் என்கிறார்கள். அம்மா, அப்பாவிடம் சொல்லப் பயப்படும் பிள்ளைகள் பல நேரம் முதலில் தேடுவது உங்களைப் போன்ற அண்ணன், அக்காவைத்தான்.

எப்படிச் சிக்க வைக்கிறார்கள்?

கேம் சாட், கமென்ட் பகுதி என எல்லோரும் இருக்கும் இடத்தில் பேச்சு தொடங்கும். பாராட்டு, சின்னப் பரிசுகள் வரும். பிறகு வாட்ஸ்அப், டெலிகிராம் என்று தனியே அழைப்பார்கள். "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்பார்கள். ஒரு படம் கைக்கு வந்ததும் தொனி மாறிவிடும். பெண் பிள்ளைகளிடம் இன்னும் படங்கள் கேட்பதும், பையன்களிடம் பணம் கேட்பதும் அதிகம். வீட்டில் தெரிந்தால் திட்டு விழும், போன் பறிபோகும் என்ற பயம்தான் மிரட்டுபவரின் பெரிய பலம்.

முதலில் என்ன சொல்வது?

"ஏன்டா அனுப்பின?" வேண்டாம். "சொன்னது நல்லது, தப்பு உன் மேல இல்ல, நான் கூட இருக்கேன்" போதும். ஆனால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் போலீஸில் தெரிவிப்பது போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி கட்டாயம். தெரிந்தும் மறைத்தால் பெரியவர்களுக்குத் தண்டனை உண்டு.

உடனே செய்ய வேண்டியவை

• பணம் அனுப்ப வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள்.
• சாட்டை அழிக்க வேண்டாம். புரொஃபைல் லிங்க், யூசர்நேம், போன் நம்பர், யுபிஐ ஐடி, மிரட்டல் மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள்.
• அந்தரங்கப் படத்தை 'ஆதாரம்' என்று யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். குழந்தையின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதே குற்றம். போனை அப்படியே போலீஸிடம் காட்டலாம்.
• பணம் போயிருந்தால் 1930-ஐ உடனே அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.
• தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம்.
• 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை, படத்தை வாங்காமல் அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, தன்னுடன் இணைந்துள்ள தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவும். 18 வயதைத் தாண்டியவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

போக்சோ (2012) பையன்களுக்கும் பொருந்தும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு, பாலியல் நோக்கில் குழந்தைகளை ஆன்லைன் உறவுக்கு இழுப்பதையும் குற்றமாக்குகிறது. முதல்முறை 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமல்ல என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

போலீஸுக்குப் போனால் பெயர் வெளியே வருமா?

குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். அப்போது போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் பதிவு செய்யலாம்.

அந்த மெசேஜ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது தம்பியிடமோ தங்கையிடமோ ஒரே வரி சொல்லுங்கள்: "எது நடந்தாலும் எனக்குப் போன் பண்ணு. திட்ட மாட்டேன்."