படத்தில் நிற்பவள் பெயர் என்ன?

நல்லம்பள்ளி போன்ற ஊர்களில் பழைய புகைப்படம் தேடிப் போனால் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் டிரங்குப் பெட்டியில் கிடைக்கிறது. நிலப்பத்திரமும் பட்டாவும் ஆண்கள் வசம் இருக்கும். கல்யாணப் படம், பிள்ளைக்கு முதல் மொட்டை போட்டபோது எடுத்தது, பட்டாளத்துக்குப் போன தம்பி அனுப்பியது எல்லாம் சேலை மடிப்புக்குள் இருக்கும். கறையானுக்கும் ஒழுகும் கூரைக்கும் தப்பவைத்து அவற்றை இத்தனை ஆண்டுகள் காத்தவள் அவள். ஆனால் படத்தின் பின்புறம் ஏதாவது எழுதியிருந்தால் அங்கே ஆண்களின் பெயர்தான் இருக்கும். பெண்கள் ‘மனைவி’, ‘தாயார்’, ‘குடும்பத்தார்’. ஊர்ப் படங்களைத் திரட்டி இணையக் காப்பகம் அமைக்க நினைக்கும் யாரும் முதலில் எதிர்கொள்ள வேண்டியது இந்த முரணைத்தான்.

இந்தப் பெயரின்மைக்கு ஒரு வரலாறு உண்டு. இந்த வட்டாரத்துக்குக் கேமரா அரசின் கருவியாக வந்தது. சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1856இல். அடுத்த சில ஆண்டுகளில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மாகாண அரசுக்காகக் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். 1858இல் வெளிவந்த அவருடைய தொகுப்புகளில் ஒன்று, அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் பற்றியது. 1965இல்தான் தருமபுரி தனி மாவட்டமானது என்பதால் அது எங்கள் வட்டாரத்தின் கதையும்தான். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் மனிதர்கள் சாதிக்கொரு மாதிரியாகக் கேமரா முன் நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பெண்கள் என்ன பெயரால் அழைக்கப்பட்டார்கள் என்பது அந்த ஆய்வின் கேள்வியாக இருக்கவில்லை.

பிறகு நகரங்களில் ஸ்டுடியோக்கள் வந்தன. வரைந்த திரைச்சீலை, மர நாற்காலி, பிளாஸ்டிக் பூ என்ற அந்தச் சிறு மேடையில் குடும்பங்கள் தங்களைத் தாங்களே காட்டிக்கொண்டன. டிஜிட்டல் வந்தபின் அந்த ஸ்டுடியோக்கள் மூடப்பட, நெகட்டிவ்கள் குப்பைக்கும் பழைய சாமான் கடைக்கும் போயின. எஞ்சியதைக் காக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸோயி ஹெட்லியும் உடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் படங்களைத் தேடி மின்னுருவாக்கினார்கள். இதற்கு உதவியது பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழிவுக்குள்ளாகும் ஆவணங்கள்’ திட்டம். மூலப்பொருள் பிறந்த நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது, நகல் மட்டுமே பயணப்படலாம் என்பது அத்திட்டத்தின் விதி. காலனியக் காலத்தில் மூலங்களே கப்பலேறியதை நினைத்தால் இது சிறிய மாற்றமல்ல.

ஆனாலும் 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது, அதன் மின் சேகரங்கள் நெடுங்காலம் பார்க்க முடியாமல் போயின. தொலைதூரத்துப் பெரிய நூலகத்தில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு அது ஓர் எச்சரிக்கை. ஒரு நகல் ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ இருக்க வேண்டும். இன்னொரு நகல் படத்தைக் கொடுத்தவளிடமே திரும்ப வேண்டும், சட்டம் போட்டு மாட்டக்கூடிய அச்சாக.

படத்தோடு பேச்சும் சேர்ந்தால்தான் அது ஆவணம். 2010இல் அனுஷா யாதவ் தொடங்கிய ‘இந்தியன் மெமரி புராஜெக்ட்’, குடும்பப் படத்தை அக்குடும்பத்தார் சொல்லும் கதையோடு சேர்த்தே வெளியிடுகிறது. நேபாளப் படநூலகம் 2018இல் பெண்களின் பொதுவாழ்வுக்கெனவே ஒரு நினைவுத் திட்டத்தைக் காட்சிக்கு வைத்தது. ஊர்வலத்திலும் வகுப்பறையிலும் மேடையிலும் நின்ற பெண்களை வீட்டு ஆல்பங்களிலிருந்தே அது திரட்டியது. நமக்கும் அது வழிகாட்டும். பெட்டியைத் திறக்கும்போது பாட்டி சொல்வதைப் பதிவுசெய்ய வேண்டும். “இது எங்க சின்னாயா, இது அவ நங்கையா” என்று தொடங்கும் அந்தப் பேச்சில், பெயரை மட்டும் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். தகடூரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஔவைக்கே நம்மிடம் இருப்பது, தாய், மூதாட்டி என்று பொருள்படும் ஒரு விளிப்பெயர்தான். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம், ஒரு கேள்வியில் மாறாது.

இனி, இல்லாத படங்கள். ஸ்டுடியோவுக்குப் போகக் கூலியில் மிச்சம் இல்லாதவர்களின் படம் எந்தப் பெட்டியிலும் இருக்காது. இதே மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தை முன்வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன, சூறையாடப்பட்டன. இழப்புக் கணக்கில் நகைக்கும் தானியத்துக்கும் விலை போடலாம். செத்துப்போன அம்மாவின் ஒரே படத்துக்கு என்ன விலை? வீடு நின்றவர்களின் ஆல்பங்களை மட்டும் வரிசையாக அடுக்கி அதற்கு ‘ஊர் வரலாறு’ என்று பெயரிட்டால், தீ செய்த வேலையைக் காப்பகம் முடித்துவைக்கும். படம் இல்லாத வீட்டின் குரலையும் அதே இடத்தில், அதே அளவில் சேர்க்க வேண்டும்.

அதே காரணத்தால், தரமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் யார் என்பதே கொலைக்குக் காரணமாகக் கூடிய ஊரில், ஒரு பெண்ணின் படத்தை இணையத்தில் ஏற்றுவது லேசான காரியமல்ல. குடும்பத் தலைவரின் கையெழுத்து போதாது. படத்தில் இருப்பவள் உயிரோடிருந்தால் அவளைக் கேட்க வேண்டும். இன்று சரி என்றவள் நாளை வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். இத்தனை காலம் எதைக் காட்டுவது, எதை மடிப்புக்குள் வைப்பது என்று தீர்மானித்தவள் அவள்தான். பதிவேட்டில் ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் எழுத வேண்டியதும் அவள் பெயரைத்தான்.