நாவல்பழமும் ததியன்னமும்

ஸ்ரீரங்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. ஒருநாள் சேவிக்க வந்த ராமானுஜர், பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதைப் பார்க்கிறார். என்ன அமுது செய்வித்தீர்கள் என்று விசாரிக்கிறார். ததியன்னத்தோடு நாவல்பழம் என்கிறார்கள். உடனே கருடவாகன பண்டிதரை வரவழைத்துக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார்.

தயிரோடு நாவல்பழம் சேருமா சேராதா என்பதை விடுங்கள். முகம் வாடினால் வயிற்றை விசாரிக்கிற அந்தப் பழக்கம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

கதையைத் தாண்டிக் கல்வெட்டும் இருக்கிறது. 1257 வாக்கில், ஹொய்சள மன்னன் வீரராமநாதனின் தளபதி சிங்கண்ண தண்டநாயக்கர் இந்தக் கோயிலுக்குள் ஓர் ஆரோக்கியசாலை அமைத்தார். பொறுப்பு கருடவாகன பட்டரிடம் போனது. பிற்பாடு படையெடுப்பில் அது சிதைந்தது. 1493-இல் அதே பட்டப்பெயர் கொண்ட ஒருவர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார். அந்தச் சன்னதி இன்றும் இருக்கிறது. இருநூறு வருஷம் கழித்தும், சிதைந்த ஒரு வைத்தியசாலை வேணும்னு ஊர் நினைத்திருக்கிறது.

இப்போது 'குடல் நலம்' என்ற பேரில் மாத்திரை டப்பா விற்கிறார்கள். செரடோனினில் பெரும்பங்கு குடலில்தான் சுரக்கிறது என்பது விளம்பர வாசகமாகிவிட்டது. அது உண்மைதான், ஆனால் அந்தச் செரடோனின் நேராக மூளைக்குள் போவதில்லை. வயிற்றுக்கும் மனசுக்கும் நடுவே வேகஸ் நரம்பு, நோயெதிர்ப்பு, நுண்ணுயிர்கள் எனப் பல வழிகள்.

2017-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு எனக்கு ஸ்ரீரங்கத்தை ஞாபகப்படுத்தியது. மனச்சோர்வு உள்ள 67 பேர், 12 வாரம். பாதிப் பேருக்குப் பேச்சுத்துணை மட்டும். மீதிப் பேரோடு உணவியல் நிபுணர் உட்கார்ந்து காய், பருப்பு, முழுதானியம், மீன் என்று சாப்பாட்டை மாற்றினார். முதல் குழுவில் 8 சதவீதம் பேர் மீண்டார்கள், இரண்டாவதில் 32. சின்ன ஆய்வுதான். பலர் மருந்தையோ ஆலோசனையையோ விடாமல்தான் இதையும் செய்தார்கள்.

வெறும் விசாரிப்பு போதவில்லை, பாருங்கள். ராமானுஜரும் கேட்டுவிட்டு நகரவில்லை, வைத்தியரைக் கூப்பிட்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அறை எடுத்துத் தங்கி, ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டாவோடு நாளை முடிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. யார் முகமாவது வாடியிருந்தால் "என்னடா ஆச்சு?" என்போம். "என்னடா சாப்ட்ட?" என்றும் கேட்கலாம். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் வைத்துக் கூட உட்காரலாம். வாட்டம் நீண்டால் டாக்டரிடம் கூட்டிப் போகலாம்.