கரும்பழுப்பு முட்டையும் கோழியினமும்

மன்னார்த் தீவின் தாராபுரம் போன்ற ஊர்களில் முற்றத்து நாட்டுக்கோழியின் முட்டை பெரும்பாலும் வெளிர்நிறமுடையது. கரும்பழுப்பு முட்டை வேண்டுவோர் இனத்தைத் தெரிதல் வேண்டும். தீவனத்தால் அந்நிறம் வாராது.

அந்நிறம் ஐரோப்பாவுக்கு ஆசியா அளித்த கொடை. 1872-ஆம் ஆண்டு சீனத்து லாங்ஷான் கோழிகள் இங்கிலாந்தை அடைந்தன. அவற்றின் குருதி கலந்தே பிரான்சின் மாரான்ஸ் ஊர்க் கோழிகள் கரும்பழுப்பு முட்டையிடலாயின. 1931-இல் அவ்வினத்துக்கு இலக்கணம் வகுக்கப்பெற்றது. ஒல்லாந்தின் பார்னவெல்டர் இனத்திலும் ஆசியக் கலப்பு உண்டு.

முட்டை வெளிவருமுன், இறுதி மணிநேரங்களில், கோழியின் கருப்பை ஓட்டின்மேல் நிறமியைப் பூசுகிறது. பேட்டைப் போன்றே சேவலும் இப்பண்பைக் குஞ்சுகளுக்கு வழங்கும். ஆதலின் அடர்நிற முட்டையிற் பொரித்த சேவலையே தெரிதல் நன்று.

எனினும் முட்டையிட இட நிறம் வெளிறும். மிகுந்த எண்ணிக்கையும் மிகுந்த கருமையும் ஒருங்கே கிட்டுதல் அரிது. சத்திலோ நிறத்தால் வேற்றுமை இல்லை. முட்டை விற்று உலையேற்றும் இல்லம், கண்ணுக்கு இனியதையன்றிக் கூடையை நிரப்புவதையே முதற்கண் நாடுதல் அறிவுடைமையாகும்.