ஹந்தானையில் திடீர் வயிற்று வலி: காப்புறுதி எந்த இடத்தில் உதவுகிறது?

ஹந்தானை வீதி கண்டி தேசிய வைத்தியசாலையை அண்டிய பகுதியிலிருந்தே மலையேறுகிறது. மலையின் மறுசரிவில் பேராதனைப் பல்கலைக்கழகம். அதற்கு அப்பால் பேராதனை போதனா வைத்தியசாலை. இரண்டுமே அரச வைத்தியசாலைகள். அவசர சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை; காப்புறுதி உண்டா என்று யாரும் கேட்பதுமில்லை.

அமெரிக்காவில் அப்படியல்ல. கலிபோர்னியா நோயாளர்களைப் பற்றி 1994 இல் வெளியான ஆய்வொன்று, காப்புறுதி இல்லாதவர்களிடம் குடல்வளரி (அப்பெண்டிக்ஸ்) வெடிப்பது தனியார் காப்புறுதி உள்ளவர்களைவிட அதிகம் என்று காட்டியது. தாமதமானால் குடல்வளரி வெடிக்கும். சீழ் வயிறெங்கும் பரவும்.

தோட்டத்திலும் தாமதம் உண்டு, காரணம்தான் வேறு. அன்றைய நாட்சம்பளம், முச்சக்கர வண்டிக் கூலி, லயத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமை, வலியைச் சிங்களத்தில் சொல்லத் தயக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புறுதி ஈடு தருவதில்லை. தொழில் வழங்குநர் மாதந்தோறும் 3 சதவீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் வைத்தியசாலைச் செலவை மீளப்பெறும் வசதி உண்டு. ஆனால் அது செலவான பிறகு விண்ணப்பித்துப் பெறுவது. நள்ளிரவில் கைக்கு வராது.

காப்புறுதி உண்மையில் வித்தியாசம் செய்வது அவசரநிலைக்கு முன்னர்தான். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலை திகதி குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தது; அவசரமானவை மட்டும் தொடர்ந்தன. குடலிறக்கத்துக்கு (ஹேர்னியா) நாள் குறிக்கப்பட்ட ஒருவரிடம் காப்புறுதி இருந்தால் தனியார் வைத்தியசாலைக்குப் போகலாம். இல்லாதவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கையில் குடல் இறுகி இரத்த ஓட்டம் நின்றால், சிறிய சத்திரசிகிச்சை உயிராபத்தாகிவிடும். இலவச மருத்துவத்தில் ஏழைக்கு விழும் ஓட்டை இதுதான் என்பது என் கணிப்பு.

போரில் ஷெல் காயத்துக்காக வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். உள்ளே உருவாகும் தழும்புத் திசுக்கள் பல வருடங்கள் கழித்தும் குடலை அடைக்கலாம். விட்டு விட்டு வரும் கடும் வலி, வாந்தி, வயிறு ஊதுதல், மலமும் வாயுவும் வெளியேறாமை ஆகியவை அடையாளங்கள். வலிமாத்திரை போட்டு விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். எதுவும் உண்ணாமல் 1990 ஐ அழையுங்கள். அந்த நோயாளர் காவு வண்டிக்கும் கட்டணம் இல்லை. பழைய சத்திரசிகிச்சை பற்றி வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

வீடு திரும்பும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையைப் பிரதியெடுத்து வையுங்கள். பின்னர் எந்தக் காப்புறுதியைக் கோரினாலும் முதலில் கேட்பது அதைத்தான்.