ஓடும்போதே பார்க்கிற கணக்கு

நம் மலை ரயில் குன்னூர் வரை வந்தது 1899-இல். ஊட்டிக்குப் போனது 1908-இல். வண்டி எங்கே இருக்கிறது என்பதை அது ஊட்டி போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் யாருக்கு லாபம்? கல்லாறு தாண்டியாயிற்று, ஹில்குரோவ் தாண்டியாயிற்று என்று ஓடும்போதே தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் புரோகிராம் விஷயத்திலும் இதே தேவை வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் 'கோட் கவரேஜ்' என்று போனில் பேசிக்கொள்வது இதைப் பற்றித்தான்.

ஒரு புரோகிராமில் பத்தாயிரம் வரி இருக்கிறது என்று வையுங்கள். சோதனை செய்தபோது எந்த வரிகள் ஓடின, எவை ஓடவே இல்லை? 1963-இல் மில்லர், மலோனி என்ற இருவர் இதை முறைப்படி ஆராய்ந்து எழுதினார்கள். 1971-இல் டொனால்டு க்னூத், ஃபோர்ட்ரான் புரோகிராம்களில் ஒவ்வொரு வரியும் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தார். நூற்றில் நாலு பங்குக்கும் குறைவான வரிகளே பாதிக்கு மேல் நேரத்தைத் தின்றன!

பிறகு 1990-இல் ஹாஸ்கெல் என்ற மொழி வந்தது. ஹாஸ்கெல் கரி என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளரின் பெயர் அதற்கு. கணக்கில் வரும் சார்புகளைக் கோத்து எழுதுகிற 'ஃபங்ஷனல்' வகை மொழி அது. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் பாடமாகவே நடத்துகிறார்கள். இதன் குணம் விசித்திரமானது: விடை தேவைப்பட்டால் ஒழிய எதையும் கணக்கிடாது. மேலதிகாரி கேட்கும் வரை கூட்டல் போடாத கிளார்க் மாதிரி. ஆகவே ஒரு வரி ஓடியது என்று தெரிந்தால் போதாது, அதற்குள் எந்தப் பகுதி ஓடியது என்றும் தெரிய வேண்டும்.

ஆண்டி கில், காலின் ரன்சிமன் இருவரும் அதற்கு ஒரு கருவி செய்தார்கள். பெயர் எச்.பி.சி. புரோகிராமின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணிக்கைப் பெட்டி. அது ஓடும்போதெல்லாம் ஒரு டிக். ஓடாத இடம் அறிக்கையில் மஞ்சளாகத் தெரியும்.

இதில் ஒரு சிக்கல். டிக் கணக்கு கோப்பில் ஏறுவது புரோகிராம் முறையாக முடியும்போதுதான். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுகிற புரோகிராம் என்றால்? நடுவில் பட்டென்று நின்றால் அதுவரை சேர்ந்த கணக்கு அவ்வளவும் போயிற்று. ஆனால் அந்த எண்கள் ஓடும்போதும் நினைவகத்தில்தானே இருக்கின்றன! எனவே புரோகிராமே தன் டிக்குகளை அப்போதைக்கப்போது எடுத்துப் பார்க்கவும், மாற்றவும், பூஜ்யமாக்கவும் வசதி செய்தார்கள். பூஜ்யமாக்கி, ஒரே ஒரு சோதனையை ஓட்டி, உடனே எண்களைப் பார்த்தால் அந்தச் சோதனை எந்தெந்த இடத்தைத் தொட்டது என்று தெரிந்துவிடும். கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் இது பிடிபடாது.

ரெஜிஸ்டரில் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டே காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். டிக் விழாத இடத்தை யாரும் பார்க்கவில்லை என்பது நிச்சயம். டிக் விழுந்த இடம் சரி என்பதற்கு மட்டும் அந்த டிக் சாட்சி ஆகாது. விடையைத் தனியாகச் சரிபார்த்தே ஆக வேண்டும்.