யாருடைய பழைய சத்தம்?

'ஈக்வலைசர்' என்பதைத் தமிழில் 'சமப்படுத்தி' என்று எழுதிவிடலாம். எழுதிய கையோடு ஒரு கேள்வி வருகிறது: எதை எதோடு சமப்படுத்துவது? நூறாண்டுக் காலத்தில் இதற்கு மூன்று விடைகள் கிடைத்திருக்கின்றன. மூன்றையும் வரிசையில் வைத்துப் பார்த்தால், பழைய சமப்படுத்திகளை அச்சு அசலாக மறுபடி செய்து இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் வைத்துக்கொள்ளும் ஆசை வெறும் தொழில்நுட்ப ஆசை இல்லை என்பது விளங்கும். ஆலங்குடி மாதிரி ஊர்க்காரர்களுக்கு நாலாவதாக ஒரு விடையும் தட்டுப்படலாம்.

முதல் விடை தொலைபேசியுடையது. நெடுந்தூரக் கம்பியில் போகும் குரலில் கீழ் அதிர்வெண்களைவிட மேல் அதிர்வெண்களே அதிகம் தேய்ந்துபோகும். மறுமுனையில் பேச்சு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். எது எவ்வளவு தேய்ந்ததோ அதற்கு நேரெதிரான வடிகட்டி ஒன்றைப் போட்டு, போனதும் வந்ததும் ஒன்றே என்று ஆக்குவதுதான் சமப்படுத்தியின் பிறவிக் கடமை. தான் இருப்பதே தெரியக்கூடாத கருவி அது. ஊடகம் தன் தடத்தைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு எனலாம்.

இரண்டாவது விடை ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. 1951இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லின் என்ற இருவரின் பல்ஸ் டெக்னிக்ஸ் நிறுவனம் ஈக்யூபி-1 என்ற சமப்படுத்தியைக் கொண்டுவந்தது. சுருக்கமாகப் 'பல்டெக்'. மின்சுருள், மின்தேக்கி, மின்தடை இவை மட்டுமே கொண்ட வடிகட்டி. அதைக் கடக்கும்போது ஒலிச்சைகை ஏறத்தாழ 16 டெசிபல் இறங்கிவிடும். இறங்கியதை ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் தூக்கிக் கொடுக்கும். அடிச்சத்தத்தை ஏற்ற ஒரு குமிழ், இறக்க ஒரு குமிழ் என்று தனித்தனியாக இருந்தன. இரண்டையும் ஒருசேரத் திருப்புவது அர்த்தமற்ற காரியம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பொறியாளர்கள் திருப்பினார்கள். ஏற்றும் வளைகோடும் இறக்கும் வளைகோடும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாததால், அடியில் கனம் கூடி, அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளம் விழுந்தது. டிரம்ஸும் பேஸ் கிதாரும் கனத்தும் தெளிந்தும் கேட்டன. இங்கே சமப்படுத்துவது மூலத்தோடு அல்ல. பொறியாளரின் மனசுக்குள் கேட்ட ஒரு சத்தத்தோடு.

மூன்றாவது விடை பிற்பாடு வந்தது. டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும் மலிந்தபோது வால்வுப் பெட்டிகள் மூலைக்குப் போயின. எண்பதுகளில் டிஜிட்டல் பதிவு பரவியதும், எதுவும் தேயாத, இரைச்சல் இல்லாத சத்தம் கைக்கு வந்தது. வந்தவுடனே அது போதவில்லை. டென்மார்க்கின் ட்யூப்-டெக் எண்பதுகளிலேயே பல்டெக்கை அடியொற்றி ஒரு கருவி செய்தது. இன்று பல நிறுவனங்கள் பல விலைகளில் செய்கின்றன. 1970இல் வந்த நீவ் 1073க்கும் இதே கதைதான். காசு இல்லாதவர்களுக்கு மென்பொருள்: கணினித் திரையில் அதே குமிழ்கள், அதே நீலத் தகடு. தடத்தை அழிக்கப் பிறந்த கருவியின் தடமே இப்போது சரக்கு. எந்திர மறுபிரதியாக்கம் கலைப்படைப்பின் ஒளிவட்டத்தைக் கலைத்துவிடுகிறது என்று வால்ட்டர் பென்யமின் 1936இல் எழுதினார். மறுபிரதி செய்த எந்திரத்துக்கே ஒளிவட்டம் வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, சென்னையில் ஒரு வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து பல்டெக் குமிழைத் திரையில் திருப்பி, "பழைய பாட்டு மாதிரி வந்துருச்சு" என்று ஒருவர் சந்தோஷப்படும்போது, அது யாருடைய பழைய பாட்டு? ஆலங்குடிக்காரக் காதுக்குப் பழைய சத்தம் என்றால் என்ன? 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி, அறுபது எழுபதுகளில் கடல் தாண்டி வந்த இலங்கை வானொலி, டூரிங் டாக்கீஸ், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவிழாவிலும் காதுகுத்திலும் கல்யாணத்திலும் தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். இந்தக் காதை வளர்த்ததில் பல்டெக்குக்கு நேரடிப் பங்கில்லை. பங்குள்ளவர் வேறொருவர். பீட்டர் பாக்ஸாண்டல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் தனித்தனியே ஏற்றியிறக்கும் எளிய சுற்று ஒன்றை வெளியிட்டார். உலகெங்கும் ஆம்ப்ளிஃபையர்களின் முகத்தில் இருக்கும் அந்த இரண்டு குமிழ்களும் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. பல்டெக் விலையுயர்ந்த பண்டமாயிற்று. இது பொதுச்சொத்தாகி, பெயர் தெரியாமல் ஊர் ஊராகப் போனது.

மைக்செட்காரர் அந்தக் குமிழ்களை எப்படித் திருப்பினார் என்பதில்தான் நாலாவது விடை இருக்கிறது. குழாய் கொஞ்ச வாட்டில் வெகுதூரம் கேட்கும்; ஆனால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது பாடாது. அதற்குக் கீழே பேஸைத் திணித்தால், எதிரே காற்றின் பாரம் இல்லாமல் யூனிட்டின் சவ்வு மிதமிஞ்சி ஆடிக் கிழிந்துபோகும். "பேஸைக் கொறைடா, யூனிட்டு போயிரும்" என்பது அழகியல் அல்ல, முதலைக் காப்பாற்றும் அறிவு. அதனால் தபேலாவின் அடி மறைந்தது. குரலும் வயலினும் முன்னே வந்தன. கொல்லைக்காட்டில் கடலை பிடுங்குகிறவருக்கும் பாட்டின் வரி 'கணீர்'னு கேட்டது. மூலத்தோடும் அல்ல, மனசுக்குள் கேட்டதோடும் அல்ல, ஒரு பழைய பெட்டியோடும் அல்ல: தூரத்தோடும் காற்றோடும் ஊரின் பரப்போடும் செய்த சமன் அது.

இதை ஏக்கமாக மாற்றிவிடக்கூடாது. குழாய் எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டது, யார் வீட்டு விசேஷத்துக்குக் கட்ட முடிந்தது, யார் கேட்டே தீரவேண்டியிருந்தது என்பவையெல்லாம் சாதியின் கேள்விகள். 'சமப்படுத்தி' சத்தத்தைச் சமப்படுத்தியது, கேட்டவர்களை அல்ல. 2000இல் வந்த ஒலி மாசு விதிகளும் 2005இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு போட்டதில் தூங்க முடியாதவர்களின் நியாயமும் இருக்கிறது.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். பல்டெக்கை இன்று மறுபடி செய்ய முடிகிறதென்றால், அதன் சுற்றுப்படம் காகிதத்தில் தங்கியதும் பெட்டிகளைத் திறந்து அளந்ததும்தான் காரணம். நம்ம ஊர்ப் பக்கம் ஓடியவற்றில் கம்பெனி செட்டுகளோடு, 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டுக் கடையில் கட்டிய 'அசெம்பிள் செட்'டுகளும் உண்டு. மின்தேக்கியின் மதிப்பைக் காதால் கேட்டுக் கேட்டு மாற்றியவர்கள் அதை எழுதிவைக்கவில்லை; எழுதிவைக்கத் தகுந்தது என்று யாரும் அவர்களிடம் சொல்லவுமில்லை. கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. போர்வெல் மோட்டாருக்கு நாளெல்லாம் காயில் கட்டும் பட்டறைக்காரருக்கு, எண்ணிக்கையும் கம்பி கனமும் கொடுத்தால் ஒரு மின்சுருள் சுற்றுவது பெரிய வேலையல்ல. இல்லாதது அந்த எண்ணிக்கை. பழைய ஆம்ப்ளிஃபையர்கள் ஈயம் பித்தளையோடு கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகின்றன. ஒரு வரலாறு மென்பொருளாக விற்கப்படும்போது இன்னொரு வரலாறு எடைக்கு விற்கப்படுகிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. மிச்சமிருக்கும் செட்டுகளைத் திறந்து சுற்றுப்படம் வரைவது. குமிழ் எங்கெங்கே நிற்கும்போது எந்த அதிர்வெண் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளப்பது. குழாயையும் சேர்த்து அளப்பது. மைக்செட்காரர்களிடம் உட்கார்ந்து கேட்பது. அதை வைத்துக் கருவி செய்வதா, மென்பொருள் செய்வதா, சும்மா வைத்திருப்பதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலையில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஸ்வரங்கள் நாலு நாலாக வரிசை தப்பாமல் பொறித்திருக்கின்றன. அந்த ஸ்வரங்கள் எந்தத் தொனியில் கேட்டன என்று கல் சொல்லாது. அப்போது தொனியை அளக்க வழியில்லை. இப்போது இருக்கிறது.